காசு போட்டால் ஓடும் பெட்டிகள்: பழைய வீடியோ கேம் இயந்திரங்களின் சீரமைப்பும் வடசென்னையின் கைத்திறனும்

நாணயம் இட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி என்பது ஆளுயர மரக்கூடு, அதனுள் சாய்த்துப் பொருத்தப்பட்ட தொலைக்காட்சிப் படக்குழாய், விளையாட்டை நடத்தும் மின்னணுப் பலகை, பிடிகோலும் பொத்தான்களும் அமைந்த கைப்பலகை, உள்ளே விழும் காசைச் சோதித்து ஏற்கும் சிறு பொறி ஆகிய ஐந்து உறுப்புகளால் ஆன இயந்திரமாகும். 1970களில் அமெரிக்காவில் தோன்றி, ஜப்பானில் பெருந்தொழிலாக வளர்ந்த இவ்வியந்திரம், பின்னர் தமிழக நகரங்களில் ‘வீடியோ கேம் கடை’ என்ற பெயரால் அறியப்பட்ட சிறு கூடங்களின் வழியே ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குக் கணினியோடு ஏற்பட்ட முதல் அறிமுகமாக அமைந்தது. அக்கடைகள் மறைந்துவிட்ட நிலையில், எஞ்சிய பெட்டிகளைப் பழுது நீக்கி மறுபடி ஓடவைக்கும் வேலை, உலகின் பல நாடுகளில் அருங்காட்சியகங்களும் தனி ஆர்வலர்களும் மேற்கொள்ளும் முறையான துறையாக வளர்ந்திருக்கிறது. இத்துறைக்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி தமிழகத்து டிவி மெக்கானிக்கிடமும் தச்சரிடமும், வடசென்னையின் மணலி போன்ற தொழிற்பகுதிகளில் வேலை செய்யும் கருவி மெக்கானிக்கிடமும் ஏற்கெனவே இருக்கிறது என்பதும், அந்த அறிவும் அதற்குரிய உதிரிப் பொருள்களும் காயலான் கடைக்குப் போய்ச் சேருமுன் காக்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தோற்றமும் பரவலும்

வணிக நோக்கில் விற்கப்பட்ட முதல் நாணய வீடியோ கேம், நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கி 1971இல் வெளிவந்த ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ ஆகும். அடுத்த ஆண்டில் அவ்விருவரின் அட்டாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த ‘பாங்’ இத்தொழிலை நிலைநிறுத்தியது. இத்தொடக்ககால இயந்திரங்களில் நுண்செயலி கிடையாது. விளையாட்டின் விதிகள் அனைத்தும் சிறு தருக்கச் சில்லுகளின் இணைப்பிலேயே அடங்கியிருந்தன. 1978இல் டைட்டோ நிறுவனத்தின் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இன்டெல் 8080 நுண்செயலியைப் பயன்படுத்தியது. 1980இல் நாம்கோவின் டோரு இவாடனி வடிவமைத்த ‘பேக்-மேன்’ இசட்80 செயலியில் ஓடியது. விளையாட்டு மென்பொருளாகி நினைவகச் சில்லுகளுக்குள் சென்றதால், ஒரே பெட்டியில் பலகையை மட்டும் மாற்றி வேறொரு விளையாட்டை ஓட்டும் வழி திறந்தது. 1980களின் நடுவில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ‘ஜாமா’ என்னும் பொது இணைப்புமுறை, பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே இணைப்பான் வழியாக மின்சாரம், படம், ஒலி, பொத்தான், காசு ஆகிய அனைத்தையும் கடத்தியதால், கடைக்காரர் பழைய பலகையைக் கழற்றிப் புதியதைச் செருகுவது சில நிமிட வேலையாயிற்று. இன்று சீரமைப்பில் இறங்குவோருக்கும் இப்பொது முறையே பெரிய துணை.

இந்தியாவில் இவ்விளையாட்டுக் கூடங்கள் பெருகியபோது சட்டத்தின் பார்வையும் அவற்றின்மேல் விழுந்தது. அவை உரிமம் பெற்றே நடத்தப்பட வேண்டும் என்ற பெங்களூர் நகர ஆணையை எதிர்த்த எம்.ஜே. சிவானி வழக்கில், 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. காப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’, அதே நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்டு டைனோசார்ஸ்’ ஆகிய இரண்டும் இக்கூடங்களின் காலத்தை நினைவில் நிறுத்தும் விளையாட்டுகள். பின்னதன் நாயகர்களுள் ஒருவனுக்கு முஸ்தபா கெய்ரோ என்று பெயர் என்பதால், இந்நாட்டில் அவ்விளையாட்டே ‘முஸ்தபா கேம்’ என்று வழங்கலாயிற்று. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கும் 8-பிட் பெட்டிகளும், பின்னர் கணினி மையங்களும், இறுதியாகக் கைப்பேசியும் வந்தபின் நாணயப் பெட்டிகளுக்கு வேலை இல்லாமற்போனது.

படக்குழாய்: ஆபத்தும் அருமையும்

சீரமைப்பில் மிகவும் கவனம் வேண்டும் பகுதி படக்குழாய். மெக்கானிக்குகள் ‘பிக்சர் டியூப்’ என்று அழைக்கும் இந்தக் கண்ணாடிக் குடுவையின் பின்கழுத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றைகள், 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தால் இழுக்கப்பட்டு, முன்முகத்தின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளில் மோதிப் படத்தை உண்டாக்குகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாய் இம்மின்னூட்டத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஆகவே பலகையைத் தொடுமுன், குழாயின் வெளிப்புறக் கரும்பூச்சைச் சுற்றியிருக்கும் புவியிணைப்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய, நன்கு காப்பிட்ட பிடியுடைய திருப்புளியின் முனையை, குழாயின் மேலுள்ள ரப்பர் மூடிக்குக் கீழே செருகி, தேங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றுவது முதல் விதியாகும். மற்றொரு கையை இயந்திரத்தில் ஊன்றாமல் விலக்கி வைப்பதும், துணைக்கு ஒருவர் அருகில் இருப்பதும் இவ்வேலையின் மரபு. பயிற்சி இல்லாதவர் இப்பகுதியை அறவே தொடலாகாது.

படம் சுருங்குதல், ஓரங்கள் வளைதல், நடுவில் ஒரே கோடாகிவிடுதல் ஆகிய குறைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, மின்தேக்கிகளுள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு உலர்ந்துபோவது. இதைக் கடைத்தெருவில் ‘கண்டன்சர் போய்விட்டது’ என்பர். மற்றொன்று, எடைமிக்க உறுப்புகளின் கால்களைச் சுற்றியுள்ள ஈயப்பற்று நுண்ணிய வளையமாகப் பிளந்து இணைப்பு விட்டுவிட்டு நிற்பது. இதற்கு ‘டிரை சால்டர்’ என்று பெயர். உயர் அழுத்தத்தை உண்டாக்கும், ‘எல்.ஓ.டி.’ என்று சுருக்கமாக வழங்கும் மின்மாற்றியின் கால்களில் இப்பிளவு அடிக்கடி தோன்றும். பழைய 85 பாகை செல்சியஸ் தர மின்தேக்கிகளுக்குப் பதிலாக 105 பாகை தரமுடையவற்றை இடுவதும், ஐயத்துக்குரிய பற்றுகளையெல்லாம் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைப்பதும் பல பெட்டிகளை உயிர்ப்பிக்கப் போதுமானவை. இதற்கான பொருள்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இதற்கான கைப்பழக்கம், தொழிற்பயிற்சி நிலையங்களில் வானொலி, தொலைக்காட்சி மெக்கானிக் பிரிவில் படித்து வந்த பழைய தலைமுறையிடம் இருக்கிறது.

குழாயே பழுதானால் நிலைமை வேறு. புதிய வண்ணப் படக்குழாய் செய்யும் பெருந்தொழில் உலகெங்கும் முடிவுக்கு வந்துவிட்டதால், சீரமைப்போர் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து குழாயைக் கழற்றி விளையாட்டுப் பெட்டிக்கு மாற்றுகின்றனர். இம்மாற்றம் இயல்வதற்குக் காரணம், இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கிடைக்கோடுகளை வரைவதும், பெரும்பாலான பழைய விளையாட்டுப் பலகைகளும் அதற்கு நெருங்கிய வேகத்திலேயே கோடு வரைவதுமாகும். கழுத்தின் முனை அமைப்பும், கற்றையைத் திருப்பும் செம்புச் சுருளின் மின்தடையும் தூண்டமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துத் தேர்ந்தால் மாற்றுக்குழாய் நன்றாக உழைக்கும்.

இவ்விடத்தில் தமிழகத்துக்கு உள்ள தனி வாய்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ், 2011 வரையிலான காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள் இம்மாநிலத்தின் இல்லங்களுக்குச் சென்றன. மேசை வடிவிலான சிறிய விளையாட்டுப் பெட்டிகளுக்கு அந்த அளவுக் குழாய் ஏற்றது. பெரிய கூடுகளுக்கு, மக்கள் தாமே வாங்கிய 20, 21, 29 அங்குலத் தொலைக்காட்சிகளின் குழாய்கள் உதவும். வெளிநாட்டுச் சீரமைப்போர் தேடி அலையும் பொருள் இங்கே பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடக்கிறது. செம்புச் சுருளுக்காகக் குழாயை உடைப்பவர்களால் அது நாள்தோறும் அழிந்தும் வருகிறது. குழாயின் புனல் வடிவப் பின்பகுதிக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு இருப்பதால், அதை வெறுங்கையால் உடைப்பது உடைப்பவரின் உடலுக்கும் நிலத்துக்கும் கேடு. நல்ல குழாயைப் பிரித்து வைப்பது பண்டத்தைக் காப்பதோடு தொழிலாளியையும் காக்கும்.

பலகையும் அதன் நினைவும்

விளையாட்டின் நிரல், அழித்தெழுதக்கூடிய நினைவகச் சில்லுகளில் பதிந்திருக்கிறது. இச்சில்லின் முதுகிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே புறஊதா ஒளி பட்டால் பதிவு அழியும் என்பதால் அதன்மேல் ஒளி புகாத ஒட்டி ஒன்று இடப்பட்டிருக்கும். ஒட்டி உரிந்து கிடக்கும் பலகை கிடைத்தால், வேறெதையும் செய்யுமுன் அதை மூட வேண்டும். சில்லைக் கழற்றிப் படிப்புக் கருவியில் வைத்து, அதன் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்து, அறியப்பட்ட நல்ல பிரதியோடு ஒப்பிட்டால் எந்தச் சில்லில் பிழை என்று தெரிந்துவிடும். இவ்வொப்பீட்டுக்கு உலகம் முழுவதும் சான்றாகக் கொள்ளப்படுவது, இத்தாலியரான நிகோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் தொடங்கிய ‘மேம்’ என்னும் மென்பொருள் திட்டம். பல்லாயிரம் நாணய விளையாட்டுகளின் சில்லுகளைப் படித்து, அவற்றின் வன்பொருள் நடத்தையை நிரலாக எழுதி ஆவணப்படுத்தியிருக்கும் இத்திட்டம், செல்லரிக்குமுன் ஏட்டைப் பெயர்த்தெழுதி வைத்த சுவடிப் பதிப்பாளர்களின் பணிக்கு நிகரானது.

முஸ்தபா விளையாட்டின் பலகை இப்பணியின் நுட்பத்தை விளக்க நல்ல சான்று. நகலெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, காப்காம் நிறுவனம் இப்பலகையின் ஒலிச் செயலியில் நிரலை மறைகுறியாக்கி, அம்மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோலை ஒரு சிறு லித்தியம் மின்கலத்தின் துணையால் மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் வைத்தது. மின்கலம் தீர்ந்த அன்றே திறவுகோல் அழியும். பலகை, எந்த உறுப்பும் உடையாமலே, செயலற்றுப் போகும். ‘தற்கொலை பேட்டரி’ என்று உலகெங்கும் சீரமைப்போர் அழைக்கும் இவ்வமைப்பு, அந்நிறுவனத்தின் அடுத்த தலைமுறைப் பலகைகளிலும் தொடர்ந்தது. மின்கலம் உயிரோடிருக்கையில், மாற்று மின்வழங்கி ஒன்றை இணையாகக் கொடுத்துக்கொண்டே அதை மாற்றிவிடுவது எளிய வழி. உயிர் போன பலகைகளில் திறவுகோலை மறுபடி எழுதும் முறையையும் ஆர்வலர்கள் பல ஆண்டு ஆய்வில் கண்டறிந்து அனைவருக்கும் பொதுவில் வழங்கியுள்ளனர். தயாரித்தவரே கைவிட்ட ஒரு பொருளைப் பயனர்கள் மீட்ட இச்செயல், பழுது நீக்கும் உரிமை பற்றிய இன்றைய விவாதங்களில் நினைவில் கொள்ளத்தக்கது.

வேறு சில பலகைகளில் உள்ள நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் கசிந்து, காரத்தன்மை வாய்ந்த நீர்மத்தால் அருகிலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். அதை வீட்டுப் புளிக்காடி போன்ற மென்மையான அமிலத்தால் நடுநிலையாக்கி, தூய நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்தி, அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பியால் பாலம் இடுவது வழக்கம்.

காசுப் பொறி

நாணயப் பொறியே இவ்வியந்திரத்துக்குத் தன் பெயரைத் தந்த உறுப்பு. பொறியில் விழும் காசு முதலில் ஒரு சிறு தொட்டிலில் தங்கும். அதன் விட்டமும் எடையும் சரியாக இருந்தால் தொட்டில் சாய்ந்து காசை விடும். உருண்டு செல்லும் காசைக் காந்தமொன்று சோதித்து இரும்புத் தகட்டைப் பிடித்து நிறுத்தும். அடுத்து ஒரு உலோகத் திண்டில் மோதித் துள்ளும் தொலைவைக் கொண்டு உலோகத்தின் தன்மை அறியப்படும். இவையனைத்தையும் கடந்த காசு, மெல்லிய கம்பி நீட்டிய நுண்சுவிட்சைத் தட்டிச் செல்லும் கணத்தில் பலகை ஓர் ஆட்டத்தை வரவு வைக்கிறது. இச்சோதனைகள் அனைத்தும் ஒரு துளி மின்சாரமும் இல்லாமல், எடையாலும் சரிவாலும் காந்தத்தாலுமே நடப்பது வியக்கத்தக்க பொறியியல்.

வெளிநாட்டுக் காசுக்காக அமைந்த பொறியை இந்தியக் காசுக்கு மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. 1983 முதல் வந்த செப்பு-நிக்கல் ஒரு ரூபாய் நாணயம் 26 மில்லிமீட்டர் விட்டமும் 6 கிராம் எடையும் உடையது. 1992 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு நாணயம் 25 மில்லிமீட்டரும் 4.85 கிராமும் கொண்டது. 2011இல் வந்ததோ ஏறத்தாழ 22 மில்லிமீட்டரும் 3.79 கிராமுமாகச் சுருங்கியது. பின்னிரண்டும் காந்தத்தால் ஈர்க்கப்படும் எஃகால் ஆனவை என்பதால், போலிக் காசைப் பிடிக்க வைத்த காந்தம் நல்ல காசையே பிடித்துக்கொள்ளும். எனவே காந்தத்தை அகற்றித் தொட்டிலை மறுபடி அளவிட வேண்டும், அல்லது பித்தளை வில்லை ஒன்றை டோக்கனாக வழங்கிப் பொறியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். பொறியின் மூல வடிவம் கெடாமலிருக்க இரண்டாவது வழியே சிறந்தது.

மணலியின் காற்றும் மணலியின் அறிவும்

மெட்ராஸ் ரிபைனரீஸ் என்ற பெயரில் 1965இல் நிறுவப்பட்டு இன்று சி.பி.சி.எல். எனப்படும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும், 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் உர ஆலையையும் சுற்றி வளர்ந்த மணலி, கடலுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் அருகில் இருப்பதால், உப்பும் ஈரமும் கலந்த காற்றோடு கந்தக வாயுக்களையும் தாங்கும் பகுதி. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடும் மாசுக்குள்ளான தொழிற்பகுதிகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. மின்னணுப் பொருளுக்கு இத்தகைய காற்று பகை. பொத்தான்களுக்கடியிலுள்ள நுண்சுவிட்சுகளின் வெள்ளித் தொடுமுனைகள் கந்தகம் பட்டுக் கறுத்து, அழுத்தினாலும் மின்சாரம் பாயாமற்போகும். செம்புத் தடங்கள் பச்சை பூக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையாலான கூடு ஈரத்தை உறிஞ்சி அடிப்புறத்தில் ஊதி உதிரும்.

ஆனால் இதே பகையோடு நாள்தோறும் மல்லாடுபவை சுத்திகரிப்பு ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகள். உலகெங்கும் அத்தகைய அறைகளில், மெருகிட்ட செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் தொங்கவிட்டு, அவற்றின்மேல் படியும் அரிப்புப் படலத்தின் தடிமனை அளந்து காற்றின் கடுமையைக் கணிப்பதும், கரி வடிகட்டியால் காற்றைத் தூய்மைப்படுத்துவதும், சோதித்து முடித்த மின்னணுப் பலகைக்கு மெல்லிய காப்புப்பூச்சு இடுவதும் வழக்கமான நடைமுறைகள். வேதி ஆலைக் கருவி மெக்கானிக்காகத் தொழிற்பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு விளையாட்டுப் பெட்டியைக் காப்பதற்கு வேண்டிய இவ்வறிவைத் தன் வேலையிலிருந்தே பெற்றிருக்கிறார். கூட்டை நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் மறுபடி செய்து, அடியில் கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தும் வேலையை இப்பகுதித் தச்சர்கள் எளிதில் முடிப்பர். இந்திய மின்வழங்கல் 230 வோல்ட் என்பதால், 100 அல்லது 110 வோல்ட்டுக்கு அமைந்த ஜப்பானிய, அமெரிக்க இயந்திரங்களுக்கு அழுத்தத்தைக் குறைப்பதோடு, மின்வழங்கலிலிருந்து படக்குழாய்ச் சுற்றைப் பிரித்து வைக்கவும் செய்யும் தனிப்படுத்து மின்மாற்றி அவசியம். அதைச் சுற்றித் தரும் பட்டறைகளுக்கும் சென்னையில் குறைவில்லை.

எது சீரமைப்பு, எது மாற்றம்

படக்குழாயைத் தூக்கியெறிந்து தட்டைத்திரையை வைத்து, ஆயிரம் விளையாட்டுகள் அடங்கிய மலிவுப் பலகையைச் செருகுவது விற்பனைக்கு எளிது. ஆனால் அது சீரமைப்பு ஆகாது. படக்குழாயில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே தெரியும் இருளும், பொத்தானை அழுத்திய உடனே திரையில் தோன்றும் விளைவும் விளையாட்டை வடிவமைத்தவர்கள் கணக்கில் கொண்டே அமைத்தவை. ஆகவே இயன்றவரை மூல உறுப்பைப் பழுது நீக்குதல், மாற்ற நேர்ந்தால் பின்னர் திரும்ப எடுக்கக்கூடியபடி மாற்றுதல், கழற்றிய உறுப்பைப் பெட்டியினுள்ளேயே பையிலிட்டு வைத்தல், செய்த வேலையைத் தேதியோடு எழுதி வைத்தல் ஆகிய நான்கும் நல்ல சீரமைப்பின் நெறிகள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் இத்தகைய பெட்டிகளைச் சேர்த்துக் காக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பேக்-மேன் உள்ளிட்ட விளையாட்டுகளைத் தன் வடிவமைப்புச் சேகரிப்பில் சேர்த்தது. உள்ளூர்த் தச்சர் கூடு செய்து, உள்ளூர் மெக்கானிக் தொலைக்காட்சிக் குழாயைப் பொருத்தி, ஏதோ ஒரு நாட்டின் நகல் பலகையால் ஓட்டிய இந்தியப் பெட்டிக்கும் அதே மதிப்பு உண்டு. இறக்குமதி அருமையாயிருந்த காலத்தில் இந்நாட்டுக் கைகள் என்ன செய்துகொண்டன என்பதற்கு அதுவே சான்று.

மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்து, 2016இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டு, கழிவை முறையாகச் சேர்த்துப் பிரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்துள்ளன. அவ்விதிகளின்படி மறுசுழற்சிக்குச் செல்வது நன்று; ஆனால் மறுசுழற்சிக்கு முந்திய படி பழுது நீக்கிப் பயன்படுத்துவது என்பதை மறக்கலாகாது. வடசென்னையின் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால், மின்வழங்கி, உயர் அழுத்தம், தருக்கச் சுற்று, நினைவகம், இயந்திரப் பொறி, மரவேலை ஆகிய அனைத்தையும் மாணவர் ஒரே பொருளில் கற்கலாம். ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்குகள் அங்கே ஆசிரியராக வரலாம். மூடிய கடையின் பின்னறையிலோ வீட்டுப் பரணிலோ இத்தகைய பெட்டியோ, பலகையோ, நன்றாக ஓடும் படக்குழாய்த் தொலைக்காட்சியோ வைத்திருப்பவர்கள், அதை எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள ஒரு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்ட வேண்டும். உடைந்த குழாயை மீட்க வழியே இல்லை.